நான் சொல்லாத ஆறு எண்கள்

எனக்கு வயது எழுபத்திரண்டு. பெற்றது நாலு, வளர்த்தது ஆறு. மற்ற இரண்டும் என் தங்கை விட்டுப்போன பிள்ளைகள். அவர்களையும் சேர்த்துத்தான் ஆறு என்பேன், யாரும் மறுத்துச் சொல்லக் கூடாது. ஆறு பேரையும் நடவு நட்டு வளர்த்தேன். சின்ன வயதில் பள்ளிக்கூடம் போனதில்லை. நாற்பதுக்கு மேல் முதியோர் வகுப்பில் போய் உட்கார்ந்து எழுத்துக் கற்றுக்கொண்டேன். இப்போதும் கூட்டிக் கூட்டித்தான் படிப்பேன். கையெழுத்துப் போட நேரம் பிடிக்கும். ஆனால் படிக்காமல் எதிலும் போட்டதில்லை.

போன ஐப்பசியில் ஒரு கடிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். படித்தேன். போடவில்லை. ஏன் போடவில்லை என்பதைத்தான் எழுதுகிறேன்.

திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே எங்கள் ஊர். சுற்று வட்டாரத்தில் விவசாயம் பண்ணுகிறவர்கள் சேர்ந்து ஒரு கம்பெனி வைத்திருக்கிறோம். பங்கு போட்டவர்களில் முக்கால்வாசி பெண்கள், ஒரு காலத்தில் அடுத்தவர் வயலில் நட்டவர்கள். இப்போது குத்தகைக்கு எடுத்தோ, அரை ஏக்கர் ஒரு ஏக்கர் வாங்கியோ சொந்தமாக நடுகிறார்கள். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, தூயமல்லி எல்லாம் விளைவித்து, அரைத்து, பையில் போட்டு விற்கிறோம். பழைய உரக் கோடவுனில் ஆபீஸ். கடை மட்டும் இணையத்தில். கோயம்புத்தூரில் இருப்பவரும் துபாயில் இருப்பவரும் போனில் கடையைத் திறந்து, படத்தைப் பார்த்து அரிசி கேட்பார்கள். என்னைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்து மூன்று வருடம் ஆகிறது. நடவுக்கு ஆள் சேர்த்து அழைத்துப் போனவள் நான். நாற்பது பெண்களை விடியலில் ஒரே வயலில் இறக்கி வேலை வாங்கினவளுக்கு ஒரு கம்பெனி பெரிதில்லை என்று பெண்கள் கை தூக்கினார்கள்.

இணையக் கடைக்கு உள்பக்கமாக ஒரு வாசல் உண்டு. விலை மாற்ற, படம் போட, ஆர்டர் பார்க்க எல்லாம் அந்த வழியாகத்தான் போக வேண்டும். பாஸ்வேர்டு கேட்கும். அதைப் போட்டாலும் உடனே திறக்காது. என் போனுக்கு ஆறு எண் வரும். அதை நான் சொன்னால்தான் மானேஜர் உள்ளே போக முடியும். தலைவி என்று என் நம்பரைக் கொடுத்திருந்தார்கள்.

மானேஜர் திருவாரூர் பக்கத்துக்காரர். எம்பிஏ படித்தவர், கல்யாணமானவர், நல்ல மாதிரி. என்னை அம்மா என்பார். நான் தம்பி என்பேன். அவருக்கும் எனக்கும் இந்த ஆறு எண்ணில்தான் தகராறு.

நெல் அளக்கும்போது எங்கள் பக்கம் முதல் மரக்காலை ஒன்று என்று எண்ணுவதில்லை. லாபம் என்று சொல்லிப் போடுவோம். அப்புறம்தான் ரெண்டு, மூணு. ஊறிப்போன பழக்கம். போனில் வரும் எண்ணில் ஒன்று இருந்தாலும் என் வாயில் லாபம் என்றுதான் வரும்.

"சொல்லுங்கம்மா."

"இரு தம்பி, கண்ணாடியப் போட்டுக்கறேன். ம். நாலு."

"நாலு."

"லாபம்."

"ஒண்ணு."

"அது ஒண்ணுன்னு எனக்கும் தெரியும். அடுத்து ஏழு. மறுபடி லாபம்."

"அம்மா, நேரம் போகுதும்மா. செல்லாமப் போயிடும்."

"போனா வேற நம்பர் அனுப்பச் சொல்லு. அவன் என்ன கையில இருந்தா குடுக்கறான்?"

அந்தப் பக்கம் அவர் பெருமூச்சு விடுவது எனக்குக் கேட்கும். விட்டுக்கொள்ளட்டும் என்று இருந்துவிடுவேன்.

இன்னொரு பழக்கமும் எனக்கு உண்டு. எண் சொன்ன நாளில் அன்றைய தேதித் தாளைக் காலண்டரிலிருந்து கிழித்து, பின்பக்கத்தில் அந்த ஆறு எண்ணையும் எழுதி, எதற்குக் கேட்டார் என்று ஒரு வார்த்தையும் போட்டு, ரேஷன் சீட்டு குத்தி வைக்கிற கம்பியில் குத்தி வைப்பேன். விலை. படம். ஆர்டர். அவ்வளவுதான் எழுதுவேன். வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். இது வந்த விதம் யாருக்கும் தெரியாது. முப்பது வருடத்துக்கு முன்னால் மேலத்தெருவில் ஒரு பெரிய வீட்டு நாற்றங்காலில் யாரோ மடையைத் திறந்துவிட்டு, நாற்றெல்லாம் மூழ்கி அழுகிப்போனது. நான்தான் திறந்தேன் என்றார்கள். அன்றைக்கு என் மூத்தவளுக்குப் பிரசவம், நான் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இருந்தேன். ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டு என்றார்கள். சீட்டை வரும் வழியில் பஸ்ஸிலேயே தொலைத்திருந்தேன். அந்த வருடம் முழுக்க அந்தத் தெருவில் என்னை நடவுக்குக் கூப்பிடவில்லை. அதிலிருந்து ஒரு துண்டுத் தாளைக்கூட நான் விடுவதில்லை.

ஆடிப்பெருக்கு அன்று காலை. ஆற்றில் தண்ணீர் கரை தொட்டுப் போகிறது. படித்துறையில் பெண்கள் கூட்டம். நான் காதோலை கருகமணியைத் தட்டில் வைத்து, மஞ்சள் பிள்ளையாருக்குப் பூ வைத்துக்கொண்டிருக்கிறேன். இடுப்பில் போன் அடித்தது.

"அம்மா, ஒரு நம்பர் வந்திருக்கும்."

"தம்பி, ஆத்துல நிக்கறேன். கை ஈரம்."

"ஒரே ஒரு தடவைம்மா."

முந்தானையில் கையைத் துடைத்து, கண்ணாடியைத் தேடி எடுத்து, எண்ணைச் சொன்னேன். அன்றைக்கு இரண்டு லாபம். "எதுக்கு தம்பி இது?" என்று கேட்டேன். "செட்டிங்மா" என்றார். வீட்டுக்கு வந்து ஆடி பதினெட்டுத் தாளைக் கிழித்து எண்ணை எழுதி, செட்டிங் என்றும் எழுதிக் கம்பியில் குத்தினேன்.

அதற்குப் பிறகு என் போனுக்கு எண்ணே வரவில்லை. ஆவணியில் ஒரு நாள் ஆபீசில் கேட்டேன்.

"என்ன தம்பி, இப்பல்லாம் நம்பரே வர்றதில்ல?"

"எல்லாம் சுலபமாக்கிட்டேன்மா. இனிமே உங்களுக்குத் தொந்தரவு இல்ல."

"தொந்தரவுன்னு நான் எப்ப சொன்னேன்?"

சிரித்தார். நானும் விட்டுவிட்டேன். அங்கே விட்டது என் தப்பு. அதை மறைக்க மாட்டேன். மேலே கேட்டிருக்க வேண்டும்.

புரட்டாசியில் ஆயுத பூஜை. கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சுண்டல் கொடுத்தோம். தீபாவளிக்குப் புதுப் பை வந்தது. பையில் தமிழ் எழுத்து அவ்வளவு அழகு, கோயில் பத்திரிகையில் வருகிற மாதிரி வளைந்து நெளிந்து. பையின் பின்பக்கம் கம்பெனி நம்பர் என்று என் போன் நம்பர். நான்தான் கேட்டுப் போடச் சொன்னேன். அரிசியில் குறை என்றால் மனுஷக் குரல் பதில் சொல்ல வேண்டும் அல்லவா.

ஐப்பசி பிறந்து சில நாள். கடைசி வயலில் சம்பா நடவு. வரப்பில் நின்றுகொண்டிருக்கிறேன். போன்.

"ஏனுங்க, அரிசிக் கடைதானுங்களே?"

"ஆமாங்க, சொல்லுங்க."

"கோயம்புத்தூர்ல இருந்து பேசறேனுங்க. உங்க கடையத் திறந்தா சீட்டு விளையாடற கடைக்குப் போகுதுங்க. உங்க போன்ல வைரஸ் இருக்குது, இதை அமுக்கி இறக்கிக்கோங்கன்னு வருது. எங்க வீட்டுக்காரரு அமுக்கிட்டாரு. இப்ப அவரு போன்ல இருந்து ஊருக்கெல்லாம் கண்டது போகுது. அரிசி வாங்க வந்தவங்களுக்கு இப்படியா பண்ணுவீங்க?"

அரிசியில் கல் என்றால் மூட்டையைத் திருப்பி எடுத்துக்கொள்வேன். வண்டு என்றால் புடைத்துக் கொடுப்பேன். இதற்கு என்ன செய்வது? "பாத்துட்டு நானே கூப்பிடறேங்க" என்றேன். சேற்றுக் காலோடு ஆபீசுக்குப் போனேன். அதற்குள் இன்னும் நாலு பேர் கூப்பிட்டுவிட்டார்கள்.

மானேஜர் முகம் வெளுத்திருந்தது. யாரோ உள்வாசல் வழியாகக் கடைக்குள் புகுந்து எதையோ வைத்துவிட்டுப் போயிருக்கிறான், வருகிறவர்களை எல்லாம் அது கெட்ட இடத்துக்குத் தள்ளிவிடுகிறது என்றார். கடையைச் சாத்தச் சொன்னேன். சாத்தினார். "பராமரிப்பு நடக்கிறது" என்று ஒரு பலகை மாட்டினார்.

"பராமரிப்பா நடக்குது?" என்றேன்.

அவர் நாற்காலியைத் திரையின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் இயக்குநர் கூட்டம். பத்துப் பேர். அதில் மேலத்தெருக்காரர் ஒருவர் உண்டு, அந்த நாற்றங்கால் வீட்டுக்காரரின் மகன். கம்பெனிக்கு நிலமும் கோடவுனும் கொடுத்து உதவியவர், அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். அவர்தான் பேசினார். சென்னையில் எங்களிடம் மொத்தமாக வாங்கும் கடைக்காரர்கள் கடிதம் அனுப்பியிருக்கிறார்களாம். யார் பொறுப்பு, என்ன நடவடிக்கை என்று கேட்டிருக்கிறார்களாம்.

"நம்பர் போறது உங்க போனுக்கு. எவனோ பேங்குல பேசறேன்னு பேசி உங்ககிட்ட வாங்கியிருப்பான். வயசானவங்ககிட்ட அதுதானே நடக்குது."

"என்கிட்ட எவனும் வாங்கல."

"ஞாபகம் இருக்காது."

"உங்க அப்பா என்னை எந்த வருசம் வயல்ல இருந்து நிறுத்துனாருன்னு கேளுங்க, மாசத்தோட சொல்றேன்."

அவர் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். ஏற்கெனவே டைப் அடித்துக் கொண்டு வந்திருந்தார்கள். நான் கண்ணாடியைப் போட்டேன்.

"கையெழுத்து மட்டும் போதும்மா. கீழ."

"படிக்கணும்."

"நான் படிச்சுக் காட்டறேன்."

"எனக்கும் படிக்கத் தெரியும். நேரந்தான் ஆகும். காப்பி குடிச்சுட்டு வாங்க."

யாரும் எழுந்து போகவில்லை. நான் விரலை வைத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டி, சத்தமாகவே படித்தேன். வயது முதிர்வாலும். போதிய படிப்பறிவு. இல்லாத. தாலும். அறிமுகமில்லாத நபரிடம். ரகசிய எண்ணை. தெரிவித்துவிட்டேன். அதனால் நானாகவே பொறுப்பிலிருந்து விலகிக்கொள்கிறேன். கால் மணி நேரம் ஆனது. மானேஜர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் தெருப் பெண் ஒருத்தி, அவளும் இயக்குநர்தான், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, போட்டுடாதே" என்றாள்.

"வயசு முதிர்வு, அது நிஜம். படிப்பறிவு போதாது, அதுவும் நிஜம். ரெண்டு நிஜத்தை முன்னாடி நிறுத்தி மூணாவதா ஒரு பொய்யக் கொண்டாந்து வெச்சிருக்கீங்க. நான் போட மாட்டேன்."

"அப்ப கம்பெனி பேரு கெட்டுப்போகட்டுமா? யாராவது ஒருத்தர் ஏத்துக்கிட்டாத்தான் மெட்ராஸ்காரன் சமாதானமாவான்."

"திருடன் எந்த வழியா வந்தான்னு பாக்காம நான் போயிட்டா, அதே வழியா நாளைக்கும் வருவான். அப்ப யாரை அனுப்புவீங்க?"

இணையக் கடையைக் கட்டிக் கொடுத்த அம்மாவை வரவழைக்கச் சொன்னேன். அவர் முடிவு சொல்லும் வரை எந்தத் தாளும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் என்னோடு எழுந்தார்கள். கூட்டம் தானாக முடிந்தது.

அவர் வரும்வரை இரண்டு நாளும் தெருவில் என் காதுபடவே பேசினார்கள். கிழவி போனில் வாயைக் கொடுத்துக் கம்பெனியைக் கவிழ்த்துவிட்டாளாம். நான் வழக்கம்போலப் பால் வாங்கப் போனேன், வழக்கம்போல வயலுக்குப் போனேன். தலையைக் குனியவில்லை. வீட்டுக்குள் வந்து கம்பியைப் பார்த்தபோதுதான் சந்தேகம் வந்தது. ஒருவேளை நானே மறந்து எங்காவது சொல்லியிருப்பேனோ என்று ஒரு நிமிடம் எனக்கே தோன்றியது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

தஞ்சாவூரிலிருந்து அந்த அம்மா பஸ்ஸில் வந்தார். நாற்பது வயது இருக்கும், கையில் டிபன் பாத்திரம். சந்தனம் காய்ந்துபோயிருந்த கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை. எல்லா இயக்குநர்களும் வந்து நின்றோம். அவர் மானேஜரைப் பார்த்துக் கேட்டார்.

"இந்தத் தமிழ் எழுத்து சாப்ட்வேர் எங்க வாங்கினீங்க?"

"பை அச்சடிக்கற பிரஸ்ல, பென்டிரைவ்ல குடுத்தாங்க. அந்த எழுத்துல அடிச்சாத்தான் அவங்களால பிரிண்ட் போட முடியும்னாங்க. எல்லாரும் அதைத்தான் போட்டுக்கறாங்க."

"காசுக்கு விக்கறதை உடைச்சு ஓசியில சுத்த விட்டிருக்காங்க. உடைச்சவன் அதுக்குள்ள ஒரு திருடனையும் வெச்சு அனுப்பியிருக்கான். போட்ட அன்னிக்கே இந்தக் கம்ப்யூட்டர்ல நீங்க சேமிச்சு வெச்ச பாஸ்வேர்டை எல்லாம் வாரிட்டுப் போயிட்டான். அதை வெச்சுத்தான் கடைக்குள்ள வந்திருக்கான்."

கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கட்சி சுவரொட்டி, எங்கள் பக்கம் எல்லாம் அந்த எழுத்தில்தான் அச்சாகிறது. அந்த வளைந்த எழுத்து என் பையிலும் இருக்கிறதே என்று மகிழ்ந்தவள் நானும்தான்.

"இருங்க" என்றேன். "பாஸ்வேர்டு போனாலும் என் போனுக்கு நம்பர் வந்திருக்கணுமே. எனக்கு ஏன் வரல?"

அவர் எதையோ திறந்து பார்த்தார். "அந்த நம்பர் கேக்கற வசதியை யாரோ எடுத்துட்டாங்கம்மா. ஆகஸ்ட் மூணாந்தேதி."

"தமிழ்ல என்ன தேதி?"

போனில் பார்த்தார். "ஆடி பதினெட்டு."

நான் வீட்டுக்குப் போய்க் கம்பியோடு வந்தேன். மேசையில் வைத்து, மேலே இருந்த ரேஷன் சீட்டுகளை ஒவ்வொன்றாக உருவினேன். காலண்டர் தாள் வந்தது. ஆடிப்பெருக்கு. பின்பக்கம் ஆறு எண். அடியில் செட்டிங்.

"இதுக்கு மேல ஒரு காலண்டர் தாளும் கிடையாது. இதுக்கு அப்புறம் எனக்கு எந்த நம்பரும் வரல. வராத நம்பரை நான் யாருக்குச் சொல்றது?"

மேலத்தெருக்காரர் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தார். முன்பக்கம், பின்பக்கம். மெல்லக் கீழே வைத்தார். மானேஜர்தான் எழுந்து நின்றார்.

"நான்தான் எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் அம்மாவக் கூப்பிட்டு, அவங்க கண்ணாடி தேடி, லாபம் லாபம்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள... வேலை நிக்குதுன்னு எடுத்துட்டேன். அன்னிக்கு எடுக்கறதுக்குத்தான் அம்மாகிட்ட நம்பர் கேட்டேன்."

அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. ஆற்றங்கரையில் கை துடைத்து நான் சொன்னது பூட்டைத் திறக்க இல்லை, பூட்டைக் கழற்றிப் போட. என் வாயாலேயே கழற்ற வைத்திருக்கிறார்.

"அன்னிக்குக் கூட்டத்துல ஏன் தம்பி வாயத் திறக்கல?"

"பயமா இருந்துச்சும்மா."

"என்னை அனுப்பிட்டா பயம் போயிடுமா?"

அவர் அழுதார். மேலத்தெருக்காரர் உடனே, "அப்ப இவரை அனுப்பிடலாம், இன்னிக்கே" என்றார். அவருக்கு யாரையாவது அனுப்பியே ஆக வேண்டும். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இரக்கம் என்று நினைக்க வேண்டாம். கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் கெடுத்தவர் வீட்டுக்குப் போய்விட்டால் பதில் சொல்வது யார்?

"இவரு இங்கயே உக்காரட்டும். நம்ம ஆர்டர் கணக்குல இருக்கறவங்க ஒவ்வொருத்தருக்கும் போன் போட்டு நடந்ததைச் சொல்லட்டும். பராமரிப்புன்னு மாட்டின பலகையக் கழட்டுங்க. திருடன் புகுந்தான்னு எழுதுங்க."

"எழுதினா எவன் வாங்குவான்?" என்றார் மேலத்தெருக்காரர்.

"வாங்காதவன் வாங்காம இருக்கட்டும். என் அரிசி சாப்பிடறவனுக்கு நான் பொய் சொல்ல மாட்டேன்."

கை தூக்கச் சொன்னேன். ஏழு கை உயர்ந்தது.

அந்த அம்மா கம்ப்யூட்டரைத் துடைத்துப் போட்டு, கடையின் பழைய நகலை எடுத்துப் புதிதாக வைத்து, எல்லா பாஸ்வேர்டும் மாற்றினார். நான் என் குரலில் பேசி ஒரு செய்தி பதிவு செய்தேன். எங்கள் கடைக்குள் திருடன் வந்தான், குற்றம் எங்கள் பக்கம், அதை அமுக்கினவர்கள் போனைக் கடையில் காட்டுங்கள், பாஸ்வேர்டை எல்லாம் மாற்றுங்கள் என்று. எல்லோருக்கும் போனது. கோயம்புத்தூர் அம்மாவை நானே கூப்பிட்டேன். அரை மணி நேரம் திட்டினார். கேட்டுக்கொண்டேன். அவர் கோபம் நியாயம். அவர் மறுபடி வாங்கவில்லை. சென்னைக் கடைக்காரர்களும் நிறுத்திவிட்டார்கள். கோடவுனில் தீபாவளிக்குப் போட்ட பைகள் பாதி அப்படியே நிற்கின்றன, அந்த அழகான எழுத்தோடு. மெதுவாக விற்போம். எனக்கு அவசரமில்லை.

பூட்டு மறுபடி என் போனுக்கு வந்துவிட்டது. கூடவே எங்கள் தெருப் பெண் போனுக்கும் இன்னொன்று போடச் சொன்னேன். நான் என்றைக்கும் இருக்கப்போவதில்லை அல்லவா. மானேஜர் இப்போது நான் கண்ணாடி தேடும்வரை பேசாமல் காத்திருக்கிறார்.

போன வாரம் வருடாந்திர அறிக்கை எழுதி வந்தது, இங்கிலீஷில். என் பேத்தியைப் படிக்கச் சொன்னேன். இந்த விஷயம் ஒரே வரியில் இருந்தது. மனிதத் தவறால் இணையதளம் பாதிக்கப்பட்டது, சரி செய்யப்பட்டது. எந்த மனிதர் என்று இல்லை. பேர் போடாத தவறு பத்து வருடம் கழித்து யார் மேல் வந்து உட்காரும் என்று எனக்குத் தெரியும். தலைவி யார், எழுதப் படிக்கத் தெரியாத கிழவியா, சரிதான் என்பார்கள். அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதினேன். மூன்று நாள் ஆனது. நாளைக்குக் கூட்டத்தில் மினிட்ஸ் நோட்டில் இதை ஒட்டச் சொல்லப்போகிறேன், ஆடி பதினெட்டுத் தாளையும் சேர்த்து. ஒட்டின பிறகுதான் அறிக்கையில் கையெழுத்து.

பேத்தி கல்லூரியிலிருந்து வந்துவிட்டாள். கை கால் கழுவிவிட்டு இங்கே வா. இதை முதலிலிருந்து எனக்குச் சத்தமாகப் படி. எழுத்து விட்டிருந்தால் சொல், நானே போட்டுக்கொள்கிறேன். நீ அழகாக்க வேண்டாம். லாபம் என்று இருக்கிற இடத்தில் லாபம் என்றே படி.